ரெடியாகிக்கொண்டிருந்த பிளஷர்

ரம்ஜான் பீவிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. திண்டுக்கல் பேகம்பூரில் இருந்த ஒரே பிளஷர் கார் என்று தெருவே அதைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவள் மட்டும் அடுப்படிச் சன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கொடைக்கானலில் இருந்த ஏதோ ஒரு துரை, சீமைக்குத் திரும்பும் அவசரத்தில் அவள் அண்ணன் பீர் முகமது ராவுத்தரின் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி அது. துரைக்குச் சனியன் விட்டது. ராவுத்தருக்குக் கொம்பு முளைத்தது.

அண்ணன் தோல்ஷாப்பு வைத்திருந்தவர். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஊறவைத்துப் பதப்படுத்தி மெட்ராசுக்கு அனுப்புகிறவர். தொழிலில் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். அது அவர் வாயாலேயே சொல்லிச் சொல்லி ஊர் நம்பியதுதான். ரம்ஜான் பீவி வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்டு, இருபத்தாறு வயதில் புருசனைப் பறிகொடுத்து, கைப்பிள்ளை ஆரிபாவோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த அன்றைக்கு அடுப்படிக்குள் போனவள்தான், பிறகு வெளியே வரவேயில்லை என்று சொல்லலாம். அந்த வீட்டுக்கு வருகிற போகிற வெட்டிக்கூட்டத்துக்கெல்லாம் ஆக்கிப் போட்டதில் அவளுக்கு முடி நரைத்தது. எதைக் கேட்டாலும் அண்ணனிடம் ஒரே பதில்தான் இருந்தது: "பாப்போம்." அந்தப் 'பாப்போம்' என்ற சொல்லுக்குள் அவளுடைய பதினெட்டு வருசம் போய்விட்டது.

ஆனால் 1958ஆம் வருடக் கோடையில் வந்த காரியம் 'பாப்போம்' என்று தள்ளுகிற காரியமில்லை. ஆரிபாவுக்கு அது தலைப்பிரசவம். தஞ்சாவூர்ப் பக்கம் அய்யம்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நோன்புப் பெருநாள் கழிந்ததும் மருமகன் அப்துல் சுக்கூர் திண்டுக்கல்லுக்கு வந்து, ராவுத்தருக்கு முன்னால் பவ்யமாக உட்கார்ந்து தாய் சொல்லியனுப்பிய சேதியைச் சொன்னான்.

"அடுத்த பிறை தெரிஞ்சா ஆரிபாவுக்கு எட்டாம் மாசம் பொறந்துருமாம் மாமா. எட்டுல அனுப்புற வழக்கமில்லையாம். அதுக்கு முன்னாடி நீங்க முறையா வந்து கூட்டிட்டுப் போயிரணும்னு அம்மா சொல்லுச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களுக்குச் சிரமம்னா நானே ரயில்ல கூட்டியாந்து விட்டுர்றேன்" என்றும் சொன்னான்.

நல்ல பிள்ளை. கதவுக்குப் பின்னால் நின்ற ரம்ஜான் பீவிக்கு அவன் வாயில் சீனியைப் போடலாம் போலிருந்தது. ஆனால் ராவுத்தர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"என்ன மாப்ள பேசுறீக? வாசல்ல பிளஷர் நிக்குது. பீர் முகமது வீட்டுப் புள்ள, பிள்ளைத்தாச்சி, மூட்டை முடிச்சோட கரி வண்டியில வர்றதா? அய்யம்பேட்டை தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன். போயி அம்மாட்ட சொல்லுங்க."

அதோடு அந்த நல்ல வழி அடைபட்டது.

ரம்ஜான் பீவி பயந்ததற்கு வேறொரு காரணம் இருந்தது. அய்யம்பேட்டை வீட்டின் மூத்த மருமகள் அந்த வீட்டில் பிரசவத்தில்தான் மௌத்தானாள். நர்சைக் கூப்பிடுங்கள் என்று யாரோ சொன்னதற்கு, மாமியார் மெஹராஜ் பீவி "செத்த பொறுங்க, நாங்க பெறாத புள்ளையா" என்று சொல்லிப் பொழுதைக் கடத்தியதில் தாயும் போய்ப் பிள்ளையும் போனது. அதே அறையைத்தான் இப்போதும் பிரசவத்துக்கென்று ஒழித்து வைத்திருந்தார்கள். கடைசியாக வந்திருந்தபோது ஆரிபா, தாயின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "அந்த ரூம்ல என்னைப் படுக்க விட்டுறாதம்மா" என்று அழுதுவிட்டுப் போயிருந்தாள். பிறை தெரிவதற்குள் மகள் இங்கே வந்துவிட வேண்டும். ரம்ஜான் பீவிக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கார் ரெடியாகத் தொடங்கியது.

முதலில் பெயிண்டு. அய்யம்பேட்டைக்காரர்கள் முகம் பார்த்துத் தலை சீவ வேண்டுமாம், அவ்வளவு பளபளப்பு வேண்டுமாம். கறுப்புப் பெயிண்டை அடித்து வாசலில் காய விட்டார்கள். கோடைக்காற்று சும்மா இருக்குமா? தெருப்புழுதி மொத்தமும் பறந்து வந்து ஈரப் பெயிண்டில் உட்கார்ந்தது. எள்ளு மிட்டாய் மாதிரி நின்றது வண்டி. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார்கள், மறுபடி காற்று. மூன்றாம் முறை அடித்தபோதுதான் பந்தல் போட வேண்டும் என்று ராவுத்தருக்குப் பட்டது. அறிவு அப்படித்தான் அவருக்குத் தவணை முறையில் வரும்.

அடுத்தது ரேடியேட்டர். என்ஜின் சூட்டை ஆற்றுகிற தண்ணீர்ப் பெட்டி அது. துரை காலத்திலிருந்தே ஒழுகியது. மஞ்சள் பொடியைக் கரைத்து ஊற்றினால் ஓட்டை தானாக அடைந்துவிடும் என்று டிரைவர் செபஸ்தியான் சொன்னான். சொல்லாமல் என்ன செய்வான்? தினமும் இரண்டு வேளை அந்த வீட்டுச் சோறு தின்கிறவன், ஏதாவது சொல்ல வேண்டுமே. வண்டியைப் பற்றித் தெரிந்ததை விட ராவுத்தருக்கு என்ன சொன்னால் பிடிக்கும் என்பதுதான் அவனுக்கு நன்றாகத் தெரியும். மகள் வந்ததும் வேண்டுமென்று ரம்ஜான் பீவி ஆசையாசையாக இடித்துச் சலித்து வைத்திருந்த மஞ்சள் பொடி டப்பாவோடு போயிற்று.

"என்னண்ணே, காருக்கு மஞ்ச தண்ணியா? பெரிய மனுசி ஆயிருச்சா? சீர் செய்ய யார் வாராக?" என்று அவள் கேட்டாள். அண்ணனுக்கு உறைக்கவில்லை. உறைக்கிற தோல் என்றால் அவர் எப்போதோ பதப்படுத்தி விற்றிருப்பார்.

அப்புறம் கோஷா. பெண்கள் ஏறுகிற வண்டி, நாலு பக்கமும் திரை வேண்டும். சாதாரணத் துணி ஆகாதாம், பச்சை வெல்வெட்டாம். வெல்வெட்டு மதுரையிலிருந்து வர வேண்டும். வந்தது நீலம். திருப்பி அனுப்பினார்கள்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது 'ட்ரயல்'. தூரப் பயணம் போகிற வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டுமல்லவா? தினமும் சாயங்காலம் ட்ரயல். அதற்குள் ஏற அத்தனை கூட்டம். ராவுத்தரின் மச்சினன் நூர் அகமது முன்சீட்டைப் பட்டாப் போட்டுக்கொண்டான். ஒரு நாள் சிறுமலை அடிவாரம் வரைக்கும் ட்ரயல், அங்கே பிரியாணி. ஒரு நாள் கன்னிவாடி, அங்கே தோப்பில் இளநீர். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே ட்ரயல், வேறெதற்கும் இல்லை, ஆரனைக் கேட்கத்தான். பிரியாணிக்கு வெங்காயம் உரித்ததில் ரம்ஜான் பீவிக்கு எப்போதும் கண்ணீர். அழுதாலும் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. ஒவ்வொரு ட்ரயலிலும் வண்டி எதையாவது உடைத்துக்கொண்டு வரும். அதைச் சரி செய்ய இரண்டு நாள். சரி செய்ததைச் சோதிக்க இன்னொரு ட்ரயல்.

"அண்ணே, பிறை நெருங்குது" என்பாள் அவள்.

"வண்டி ரெடியாக வேணாமா? நடுவழியில நின்னா யாருக்குக் கேவலம்?" என்பார் அவர்.

"நான் ரயில்ல போயிக் கூட்டியாரேனே."

"ஏத்தா, உனக்கென்ன மூளை கீளை கொழம்பிப் போச்சா? பாப்போம்."

கடைசியில் விசிறி பெல்ட்டு அறுந்தது. என்ஜினுக்கு முன்னால் சுற்றும் விசிறியைச் சுழற்றுகிற ரப்பர் வார். கடையில் புதுசு கிடைக்கும்; போய் வாங்கி மாட்டினால் ஒரு மணி நேர வேலை. ஆனால் நூர் அகமதுக்கு அன்றைக்கென்று பார்த்து ஞானம் பிறந்தது.

"மச்சான், ஊருக்கே தோல் குடுக்குறோம். நாம போயி ரப்பருக்குக் கடையில நிக்கிறதா? நம்ம ஷாப்பு எருமைத்தோல்ல ஒரு வார் வெட்டிப் போட்டா, கார் செத்தாலும் வார் சாகாது."

ராவுத்தர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருக்கிறதிலேயே தடியான தோலை எடுத்து, வார் வெட்டி, எண்ணெய் தேய்த்து, தைத்து, அதை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு மாட்டினார்கள். அன்றைக்கு வந்தவனெல்லாம் பானெட்டைத் திறந்து அந்த வாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா" என்றான். கழுதைக்குப் பட்டுச்சட்டை போட்டாலும் அந்தக் கூட்டம் மாஷா அல்லா என்றுதான் சொல்லும்.

இன்றைக்குப் பிறை தெரியலாம், தப்பினால் நாளைக்கு என்ற நிலையில், ஒரு நாள் காலையில் கார் ஒருவழியாகக் கிளம்பியது. வெல்வெட்டு வரவில்லை, வீட்டுப் போர்வையைக் கிழித்துத் திரை கட்டியிருந்தார்கள். தெருவே கூடி வழியனுப்பியது. துவா ஓதினார்கள். முன்னால் செபஸ்தியானும் ராவுத்தரும் நூர் அகமதும். பின்னால் ரம்ஜான் பீவி, அவளைச் சுற்றி அண்டா, பழக்கூடை, பலகாரத் தூக்குகள். மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று மட்டும் ஓதிக்கொண்டிருந்தாள்.

வடமதுரை தாண்டுகிற வரைக்கும் ராவுத்தர் ஆரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. அதற்கப்புறம் வெயில் ஏறியது. புதுத்தோல் சூட்டில் இளகி இழுபட ஆரம்பித்தது. வார் தளர்ந்தது, விசிறி நின்று நின்று சுற்றியது, முன்பக்கம் ஆவி பறந்தது. நிறுத்தினார்கள்.

"தோல் சூடாயிருச்சு. தண்ணிய ஊத்தி ஆத்து" என்றார் ராவுத்தர்.

தோலை நனைத்தால் நீளும். பிறந்ததிலிருந்து தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டே சோறு தின்கிற மனிதர், தன் ஷாப்புத் தொட்டியில் தினம் பார்க்கிற சங்கதி. அது காருக்குள் வந்ததும் அவருக்கு மறந்துபோயிற்று. ஒரு செம்பு ஊற்றினார்கள். வார் இன்னும் தளர்ந்தது. இரண்டு பர்லாங் ஓடி நின்றது. இன்னொரு செம்பு. இப்படியே ஊற்றி ஊற்றி அய்யலூர் போய்ச் சேர்ந்தபோது வார், வயசான மனிதனின் அரைஞாண் மாதிரி தொங்கியது. செபஸ்தியான் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். கொதித்த மஞ்சள் தண்ணீர் புஸ்ஸென்று பொங்கி, டிரைவர், முதலாளி, மச்சினன் மூன்று பேர் சட்டையிலும் அடித்தது. நல்லவேளையாக மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. ரோட்டோரம் தக்காளிக் கூடை சுமந்து போன பெண்கள் நின்று சிரித்தார்கள்.

"திரும்பிருவோம். மாட்டு வண்டி பிடிச்சு இழுத்துட்டுப் போயி, ரெண்டே நாள்ல சரி பண்ணிருவோம். பாப்போம்" என்றார் ராவுத்தர், தாடியில் மஞ்சள் சொட்ட.

அந்தச் சொல்தான் அவளைக் கிளப்பியது. ரம்ஜான் பீவி போர்வைத் திரையை ஒதுக்கிவிட்டு இறங்கினாள். தன் துணி மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தக்காளிக்காரியிடம் கேட்டாள். அவள் கையைக் காட்டினாள், பக்கத்தில்தான் இருந்தது.

"ஏ ரம்ஜானு! எங்க போற? நில்லு! தனியா ரயில் ஏறுறியா? ஊரு சிரிக்கும்டி!"

"இந்தா சிரிச்சுக்கிட்டுத்தானே நிக்கிது. சட்டையத் தொடைங்கண்ணே."

பதினெட்டு வருசத்துக்கப்புறம் அவள் குரல் அவளுக்கே புதுசாகக் கேட்டது. பின்னால் வந்த சத்தம் எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

திருச்சி பாசஞ்சரில் பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. அவ்வளவுதான் விசயம். ஒரு டிக்கட், ஒரு பெஞ்சு. இதற்காகவா ஒரு மாதமாக மஞ்சள் இடித்து வெங்காயம் உரித்துக்கொண்டு கிடந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அண்ணன் மேல் கூடக் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. த்தூ, நீயும் ஒரு தாயா என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

திருச்சி பிளாட்பாரத்தில் மேற்கே பார்த்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். ஒருவர் விரலை நீட்டி, "அந்தா" என்றார். மெல்லிசாகப் பிறை தெரிந்தது. எல்லோரும் கையேந்தினார்கள். ரம்ஜான் பீவியும் ஏந்தினாள், ஏந்தியபடியே அழுதாள். அன்றிரவு பெண்கள் தங்கும் அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் காலை வண்டியில் அய்யம்பேட்டையில் இறங்கினாள்.

மெஹராஜ் பீவி வாசலிலேயே நின்று வரவேற்றாள். அந்த அம்மாளின் மரியாதையில் எப்போதும் ஒரு ஊசி இருக்கும்.

"வாங்க சம்பந்தி. கார்ல வருவீகன்னு தெருவே ரோட்டப் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. நேத்து பிறை பாத்தாச்சுங்களே. எட்டு பொறந்துருச்சு. இனி எங்க அனுப்புறது? வந்ததுக்குப் புள்ளையப் பாத்துட்டு, சாப்ட்டுக் கௌம்புங்க."

உள்ளேயிருந்து ஆரிபா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. தாயைப் பார்த்ததும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரம்ஜான் பீவி மூட்டையைக் கீழே வைத்தாள்.

"அனுப்ப வேணாம் சம்பந்தி. உங்க வழக்கத்த நான் மீறல. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"இங்கயா? பொண்ணு குடுத்த வீட்ல தாய் ஒரு ராத்திரி தங்குனாலே பேச்சு வருமே. நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"மூத்தவளுக்கும் அவ தாய் வந்து தங்கியிருந்தா, நாலு பேரு பேசியிருப்பாக. அவ உசுரோட இருந்திருப்பா."

மெஹராஜ் பீவியின் முகம் வெளுத்தது. பிறகு அந்த அம்மாள் வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

தங்கினாள் ரம்ஜான் பீவி. பேச்சு வரத்தான் செய்தது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், திண்டுக்கல் வரைக்கும் சேதி போயிற்று. ராவுத்தர், "வண்டி ரெடியானதும் நானே போயி அவளத் தூக்கிப் போட்டுக்கிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பதாக அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வேலையாக அந்த அறையைப் பூட்டச் சொன்னாள். காற்று வருகிற முன் அறையில் மகளின் பாயைப் போட்டாள்.

மாதம் நிறைந்து ஒரு மத்தியானம் வலி கண்டது. பிள்ளை திரும்பியிருந்தது. மெஹராஜ் பீவி பழைய பாட்டையே எடுத்தாள்: "செத்த பொறுங்க." ரம்ஜான் பீவி பொறுக்கவில்லை. மருமகனைச் சட்டையைப் பிடித்து எழுப்பி, "ஜட்கா பிடிச்சு நர்சைக் கூட்டிட்டு வாங்க, ஓடுங்க" என்று துரத்தினாள். நர்சு வந்தாள். ஆரிபா தாயின் மணிக்கட்டை நகம் பதிகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு, விடிவதற்குள் ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். நர்சு கையைக் கழுவிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டு பேரும் இல்லை" என்று சாதாரணமாகச் சொன்னாள். மெஹராஜ் பீவி அதைக் கேட்டுக்கொண்டு கதவோரமாகவே நின்றாள்.

பிள்ளைக்குப் பெயர் வைத்ததற்கு மறுநாள், வேர்த்து விறுவிறுத்து, தொப்பி கோணலாக, சட்டையில் ரயில் கரியோடு வந்து சேர்ந்தார் பீர் முகமது ராவுத்தர். பிள்ளையைப் பார்த்தார், நெற்றியைத் தடவினார், உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஊர்ல தலகாட்ட முடியல. நீ பாட்டுக்குச் சம்பந்தி வீட்ல வந்து ஒக்காந்துக்கிட்ட. சரி, போனது போகட்டும், கௌம்பு. வண்டி இப்ப ரெடி. வெல்வெட்டுக் கூட வந்துருச்சு."

"நீங்க எதுலண்ணே வந்தீக?"

ராவுத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முற்றத்துக் குழாயைப் பார்த்தார்.

ரம்ஜான் பீவி பேத்தியை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய் இலையைப் போட்டாள்.

"ஒரு வாய் சாப்ட்டுட்டுக் கௌம்புங்க. புள்ளத்தாய்க்கு நாப்பது முடிஞ்சதும் மூணு பேரும் வாரோம். யாரும் வந்து கூட்டிட்டுப் போக வேணாம். வழி எனக்குத் தெரியும்."

அவர் இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருந்திருக்க வேண்டும். இரண்டாம் தரம் சோறு கேட்டார். அவள் போட்டாள்.